பாலாடை ஊரில் ஒரு பயங்கர மாளிகை

சாப்பாட்டு ராமர்களுக்கென்றே பகவான் ஓர் ஊரைப் படைத்திருக்கிறார் என்றால், அது ஸ்விட்ஜர்லாந்தில் இருக்கும் க்ரூயேர் என்ற ஊராகத்தான் இருக்க வேண்டும். உலகமெங்கும் பெயர் பெற்ற க்ரூயேர் சீஸ் பிறந்த பிரதேசம் அது. சுமார் நானூறு லிட்டர் பாலைப் பெரிய தாமிரக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சித் திரித்தால், முப்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரே ஒரு சீஸ் சக்கரம் கிடைக்கிறது. அதை நிலவறையில் அடுக்கி, உப்புத் தண்ணீரால் துடைத்துத் துடைத்துப் பல மாதங்கள் பக்குவப்படுத்துகிறார்கள். ஐந்து மாதமானதும் உண்டு. ஒன்றரை வருஷம் ஆனதும் உண்டு. நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியைப் பாதுகாப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

சீஸ் போதாதென்று இன்னொரு பண்டம். முட்டையின் வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடித்து, மிதமான சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். வாயில் போட்டால் கரைந்து விடும். அதன்மேல், கரண்டி குத்திட்டு நிற்கும்படியான கெட்டிப் பாலாடையைச் சின்ன மரத் தொட்டியிலிருந்து எடுத்து வழித்துப் போட்டுக் கொள்ள வேண்டும். இதைச் சாப்பிட்ட பிறகு மனிதனுக்கு உலகத்தின் மீது எந்தவிதமான மனஸ்தாபமும் இருக்க முடியாது.

ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. எதிரிலேயே சீஸ் தயாரிக்கும் கூடம். அங்கிருந்து குன்றின் மேல் பதினைந்து இருபது நிமிஷம் நடந்தால் ஊர். ஊர் என்று சொன்னாலும் உண்மையில் அகலமான ஒரு தெருதான். உருண்டைக் கல் பாவிய தரை, நடுவே ஒரு நீரூற்று, இரு மருங்கிலும் ஜன்னல் தோறும் சிவப்புப் பூந்தொட்டிகள். மோட்டார் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி விட வேண்டும். தெருக் கோடியில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று நிற்கிறது. பிரெஞ்சு மொழியில் கொக்குக்கு 'க்ரூ' என்று பெயர். கோட்டையை ஆண்ட பிரபுக்களின் கொடியில் கொக்குச் சின்னம். கடைசிப் பிரபுவான மிஷேல் கடன் வாங்கிக் கடன் வாங்கி, 1554-ல் திவாலாகிப் போனார். கடன் கொடுத்த ஃப்ரிபூர், பெர்ன் நகரங்கள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக் கொண்டன. கொக்கு மட்டும் இன்றைக்கும் கொடியில் நிற்கிறது.

இவ்வளவு லட்சணமான ஊரில், கோட்டைக்குப் போகிற வழியில், சிறிய கல் மாளிகை ஒன்று இருக்கிறது. ஸாங் ஜெர்மாங் மாளிகை என்று பெயர். அதன் வாசலை நெருங்கும்போதுதான், பாலாடை சாப்பிட்ட வயிறு லேசாகப் பிசைய ஆரம்பிக்கிறது.

வாசலில் உலோகச் சிற்பம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். தலை பெரிதாய், கண்ணுக்குத் தடித்த கண்ணாடி மாட்டி, கையில் ஆயுதத்துடன் குந்தியிருக்கும் ஒரு சிசு! இதன் மூலம் 1967-ல் வரைந்த 'பிரசவ யந்திரம்' என்ற சித்திரம். ஒரு கைத்துப்பாக்கியை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே என்ன தெரியும்? வரிசையாகத் தோட்டாக்கள் தெரியும் அல்லவா? இந்தச் சித்திரத்தில் தோட்டாக்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கின்றன. உலகத்தில் ஜனத்தொகை பெருகிக் கொண்டே போகிறதே என்ற திகிலில் வரைந்தது.

என் மனைவி சிற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"குழந்தையைத் தோட்டான்னு நினைக்க ஓர் ஆம்பிளைக்குத்தாங்க தோணும்" என்றாள். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் அந்தப் பாலாடைக் கடையிலேயே இருக்கேன்."

அவள் இருக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 'ஆம்பிளை' யார் என்று பார்க்கலாம்.

அவர் பெயர் ஹான்ஸ் ரூடி கீகர். 1940-ல் ஸ்விட்ஜர்லாந்தின் கிழக்கே கூர் என்னும் மலை நகரத்தில் பிறந்தார். தகப்பனார் மருந்துக் கடை வைத்திருந்தார். பையனுக்கு ஆறு வயதிருக்கும்போது, மருந்துக் கம்பெனியார் அன்பளிப்பாக அனுப்பிய ஒரு நிஜ மண்டையோட்டைத் தகப்பனார் பையனிடம் கொடுத்து விட்டாராம். சாதாரணக் குழந்தையாக இருந்தால் ஜுரம் வந்து படுத்திருக்கும். கீகருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? மண்டையோட்டில் கயிற்றைக் கட்டித் தெருவில் பொம்மை வண்டி மாதிரி இழுத்துக் கொண்டு போனார்! 'எனக்குப் பயமில்லை' என்று ஊருக்குக் காட்டுவதற்காக.

அதே ஊர் மியூசியத்தில் எகிப்து தேசத்து மம்மி ஒன்று உண்டு. அக்கா தம்பியை அழைத்துப் போய்க் காட்டினாள். தம்பி நடுங்கினான், அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு உறைத்து விட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் தன்னந்தனியாகப் போய் அந்த மம்மியின் முன்னால் நின்றிருக்கிறான் பையன்.

கீகர் என்ற மனிதரைப் புரிந்து கொள்ள இந்த இரண்டு கதைகளே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. பயத்தை விட்டு ஓடுகிறவர்கள் உண்டு. எதிர்த்து நிற்கிறவர்கள் உண்டு. இவர் பயத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் படத்தை வரைந்து கொண்டார்.

சித்திரக்காரன் தொழில் சோறு போடாது என்பது தகப்பனாரின் கட்சி. (எந்த தேசத்திலும் தகப்பனார்கள் ஒரே கட்சிதான்!) தாயார் மட்டும் பிள்ளை பக்கம். கடைசியில் ஜூரிச் நகரில் கட்டடக் கலையும் தொழில் வடிவமைப்பும் படித்தார். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டுகளை அடுக்கிக் கொண்டிருந்த காலம் அது. கீகரின் ஆரம்பச் சித்திரங்களுக்கு 'அணுக் குழந்தைகள்' என்று பெயர். அங்கஹீனமான உருவங்கள், கறுப்பு மையில். இரவில் தூக்கத்தில் அலறி எழுந்திருக்கிற வியாதியும் அவருக்கு உண்டு. அடி தெரியாத பாழுங்கிணறு போன்ற இருட்டு, அதில் கைப்பிடி இல்லாத ஆட்டம் காணும் படிக்கட்டுகள்: இது அடிக்கடி வந்த கனவு. கனவை வரைந்து விட்டால், அந்தக் கனவு மறுபடி வருவதில்லை என்று கண்டுபிடித்தார். அப்புறம் கேட்பானேன்! தூக்க மாத்திரைக்குப் பதில் தூரிகை.

தூரிகை என்றுகூடச் சொல்லக் கூடாது. கொசு மருந்து அடிக்கும் பம்பு பார்த்திருப்பீர்கள். அதையே பேனா அளவுக்குச் சிறியதாக்கி, மருந்துக்குப் பதில் நீர்த்த வர்ணத்தை ஊற்றி, குழாய் வழியே காற்றை அழுத்தினால், பனி மாதிரி வர்ணம் படியும். ஏர்பிரஷ் என்று பெயர். விளம்பரப் படங்களுக்கு மெருகு போடவும், போட்டோவில் முகப்பருவை மறைக்கவும் உபயோகித்து வந்த சாதனம். கீகர் அதைக் கையில் எடுத்துக் கொண்டு ஆள் உயரப் பலகைகளுக்கு முன்னால் நின்றார். முன்கூட்டிப் பென்ஸில் கோடுகூடப் போடாமல் நேரடியாகவே பல படங்களை வரைந்திருக்கிறார். பிரஷ் தடமே இல்லாததனால், அந்தப் படங்கள் யாரோ வரைந்தவை மாதிரி இருப்பதில்லை. எங்கேயோ எடுத்த எக்ஸ்ரே படம் மாதிரி இருக்கின்றன. வர்ணமும் அப்படியே: சாம்பல், எலும்பு வெள்ளை, கொஞ்சம் நீலம், கொஞ்சம் பழுப்பு.

அவற்றில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? முதுகெலும்பு இருக்கிறது, கிட்டப் போய்ப் பார்த்தால் அது இரும்புச் சங்கிலி. குடல் என்று நினைத்தால் ரப்பர் குழாய். ஒரு பெண்ணின் அழகான முகம், கண் மூடித் தூங்குகிறது; அவள் கழுத்துக்குக் கீழே எங்கே உடம்பு முடிகிறது, எங்கே யந்திரம் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கீகர் இந்தப் பாணிக்கு 'உயிர் யந்திரம்' என்ற பொருளில் பெயர் சூட்டினார். தெருவில் போகிற குப்பை லாரியின் பின்புறம் வாயைத் திறந்து குப்பையை விழுங்குகிறதே, அதிலிருந்துகூட அவருக்கு ஒரு சித்திர வரிசை பிறந்திருக்கிறது. நாமெல்லாம் மூக்கைப் பொத்திக் கொண்டு நகர்ந்து விடுகிற இடம்!

1977-ல் இந்தப் படங்கள் ஒரு பெரிய புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் ரிட்லி ஸ்காட் என்ற ஆங்கில டைரக்டரின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அப்போது விண்வெளிப் பேய்க் கதை ஒன்றைப் படமாக்க முயன்று கொண்டிருந்தார். புத்தகத்தில் 1976-ல் வரைந்த ஒரு படம்: வாழைப்பூவைப் போல் பின்னோக்கி நீண்ட தலையுடன் ஒரு ஜந்து. 'கண்டேன் சீதையை' என்றார் ஸ்காட். அதாவது அந்த அர்த்தத்தில் ஏதோ சொல்லியிருப்பார்.

கீகர் அனுப்பிய படங்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் சுங்க அதிகாரிகள் மிரண்டு போய் நிறுத்தி வைத்து விட்டார்கள். படத்தின் கதாசிரியர் நேரில் போய், "ஐயா, இவை சினிமாவுக்காக வரைந்தவை" என்று மன்றாடி மீட்டு வர வேண்டியதாயிற்று. 1978-ல் கீகரே லண்டனுக்கு அருகிலுள்ள ஷெப்பர்டன் ஸ்டூடியோவுக்குப் போனார். எலும்புகள் வேண்டும் என்று கேட்டு வாங்கி, களிமண்ணையும் குழாய்களையும் சேர்த்துத் தம் கையாலேயே அந்த ஜந்துவைப் பிசைந்து உருவாக்கினார். அதற்குக் கண் வைக்கவில்லை. எங்கே பார்க்கிறது என்று தெரியாவிட்டால் பயம் அதிகம் என்பது அவர் கணக்கு. சட்டைக்குள் புகுந்து நடித்தவர், ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள, லண்டனில் படித்துக் கொண்டிருந்த நைஜீரிய மாணவர் போலாஜி படேஜோ.

1979-ல் வெளிவந்த அந்தப் படம்தான் 'ஏலியன்'. மறு வருஷம் காட்சி ஜாலங்களுக்கான ஆஸ்கார் பரிசு ஐந்து பேருக்குச் சேர்த்துக் கிடைத்தது. கீகர் ஐவரில் ஒருவர். அந்தப் பொற்பதுமையை இந்த மாளிகையில் வைத்திருக்கிறார்கள். பொல்லாத ஜந்துக்களுக்கு மத்தியில், வழி தவறி வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது.

படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் ஜந்துவின் முட்டை ஓர் ஆண்பிள்ளையின் உடம்பில் புகுந்து வளர்ந்து, நெஞ்சைப் பிளந்து கொண்டு வெளியே வருகிறது. தியேட்டரில் ஆண்பிள்ளைகள் அலறினார்கள் என்றால் காரணம் உண்டு. தன் உடம்புக்குள் வேறோர் உயிர் வளர்வது, அது தன் சம்மதத்தைக் கேளாமல் தன் நேரத்தில் வெளியே வருவது, அந்த நேரத்தில் உயிர் தப்புமோ தப்பாதோ என்கிற கவலை: இதெல்லாம் அவர்களுக்குப் புதிது. கப்பலில் இருந்த ஏழு பேரில் கடைசியில் தப்பிப் பிழைக்கிறவள் ரிப்ளி என்ற பெண். கூடவே ஒரு பூனை.

மாளிகையை கீகர் 1997-ல் வாங்கினார். 1998-ல் மியூசியமாகத் திறந்தார். உள்ளே நான்கு மாடிகளிலும் சின்னச் சின்ன அறைகள், பழைய மரத் தளங்கள், குனிந்து போக வேண்டிய வாசல்கள். இந்த இடத்தில் அந்தப் படங்களைத் தொங்க விட்டது நல்ல யோசனை. பெரிய வெள்ளைக் கூடத்தில் மாட்டியிருந்தால் இத்தனை நெருக்கம் இருந்திராது. ஓர் அறையில் சுவருக்குச் சுவர் பிரம்மாண்டமான கரும் படங்கள். நடுவில் நின்றால் கிணற்றுக்குள் நிற்கிற உணர்ச்சி. இன்னோரிடத்தில் முதுகெலும்பே சாய்மானமாக எழும்பி நிற்கும் கறுப்பு நாற்காலிகள், 'டியூன்' என்ற கதையைப் படமாக்க நடந்த முயற்சிகளுக்காக யோசித்தவை. மேல் மாடியில் அவர் சேகரித்த மற்றவர்களின் சித்திரங்கள். டாலி, எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் போன்றவர்கள். திரை போட்ட ஓர் அறையும் உண்டு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குழந்தைகளை அழைத்துப் போகிற தாய்மார்கள் கவனிக்கவும். அந்த அறையைத் தவிர்த்தாலும் போதாது என்பேன். பத்து வயதுக்குட்பட்டதுகளைப் பாலாடைக் கடையிலேயே உட்கார்த்தி வைப்பது உத்தமம்.

எல்லாமே எனக்குப் பிடித்ததென்று சொல்ல மாட்டேன். நூறு படம் பார்த்த பிறகு நூற்றோராவது படம் திடுக்கிட வைப்பதில்லை. பெண்களின் உடம்பை அவர் வரைந்த விதத்தில் பலவும் கண்ணை உறுத்துகின்றன. கட்டுண்டும், துளையுண்டும், யந்திரத்தின் ஒரு பாகமாகவும் எத்தனை பெண்கள்! பயத்தைத் தீர்த்துக் கொள்ள வரைந்தேன் என்கிறார். தீர்ந்த பயம் யாருடைய பயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

முக்கியமாக ஒரு படத்தின் முன்னால் அப்படித் தோன்றியது. தூங்குகிற முகம் என்று சொன்னேனே, அது கற்பனை முகமல்ல. லீ டோப்ளர் என்ற நாடக நடிகை. கீகருடன் பல வருஷங்கள் வாழ்ந்தவர். 1974-ல் அவரை வைத்து இரண்டு படங்கள் வரைந்தார். எலும்பும் பாம்பும் குழாயும் சூழ, நடுவில் வெளிறிய, பேரழகான முகம். மனச் சோர்வினால் வெகுவாகக் கஷ்டப்பட்ட அந்தப் பெண் 1975-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டார். இருபத்தேழு வயது. கீகருக்கு இருட்டைக் கையாள ஓர் ஏர்பிரஷ் இருந்தது. லீக்கு என்ன இருந்தது என்று அந்தப் படம் சொல்லவில்லை.

அங்கே நின்று கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால், என் மனைவி!

"பாலாடை திகட்டிடுச்சு" என்றாள்.

வெகு நேரம் அவள் பேசவில்லை. அடுத்த சுவரில் வேறொரு முகம். வாயிலும் மூக்கிலும் குழாய்கள் புகுந்து, அவை சுவரோடு சுவராய் ஒன்றிப் போயிருந்தன. அதையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதைப் போய்க் கற்பனைங்கறாங்களே! அம்மா கடைசிப் பதினோரு நாள் இப்படித்தானே இருந்தாங்க?"

என் மாமியாரைத்தான் சொன்னாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள். தினம் மாலையில் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மூச்சு ஏறி இறங்கும். ஆனால் அது மாமியாரின் மூச்சா, யந்திரத்தின் மூச்சா என்று யாருக்கும் தெரியாது. குறை சொல்வதற்கில்லை. டாக்டர்களும் நர்ஸுகளும் பாடுபட்டார்கள். நான் அந்தப் பத்து நிமிஷத்தில் திரையில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்துக் கொண்டு நிற்பேன். முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை.

"நான் தினம் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்றாள் அவள். "எந்த விரல்லே எந்த வயர் மாட்டியிருந்ததுன்னு இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு. யார்கிட்டயாவது சொன்னா, 'அதை நினைக்காதே, சாமி படத்தைப் பாரு'ன்னாங்க. இந்த மனுஷன் ஒருத்தன்தான் அதைப் பார்த்து வரைஞ்சிருக்கான்."

தோட்டாக் குழந்தைக்காக அவரை அவள் மன்னித்து விட்டாளா என்று கேட்டேன். "அது வேறே, இது வேறே" என்று சொல்லி விட்டாள்.

மியூசியத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. பார் என்றுதான் பெயர், காப்பியும் கிடைக்கும். 2003-ல் கீகரின் திட்டப்படி கட்டியது. உள்ளே நுழைந்ததும் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் போய் விட்டோமோ என்றிருக்கிறது. கூரை முழுவதும் வளைந்து வளைந்து குறுக்கே ஓடுகிற முதுகெலும்புகள், மாதா கோயில் வளைவுகளைப் போல. நாற்காலிகளும் அதே எலும்பு ரகம். வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்தால் படு சுகமாக இருக்கின்றன! பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரத் தாயார், விலா எலும்புகளில் சாய்ந்து கொண்டு, கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக் கொண்டிருந்தாள். குழந்தை கூரையைப் பார்த்துக் கொண்டே குடித்து முடித்தது, அழவில்லை.

அவர் பெரிய பலகைகளில் ஏர்பிரஷ் பிடிப்பதை 1990-களின் ஆரம்பத்திலேயே விட்டு விட்டார். பிறகு சிற்பம், பேனாக் கிறுக்கல், வீட்டுத் தோட்டத்தில் ஓட விட்ட குட்டி ரயில் என்று நாட்கள் போயின. ஓவிய உலகத்துப் பெரியவர்கள் அவரை வெகு காலம் சினிமாக்காரர் என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பச்சை குத்துகிறவர்களும் பாட்டுக் கோஷ்டிக்காரர்களும்தான் கொண்டாடினார்கள். 2014 மே மாதம் ஜூரிச்சில் தம் வீட்டு மாடிப் படியிலிருந்து விழுந்து, அந்தக் காயத்தினால் ஆஸ்பத்திரியில் இறந்தார். எழுபத்து நான்கு வயது. கைப்பிடி இல்லாத படிக்கட்டைக் கனவு கண்ட மனிதர்!

இந்த ஊர் மயானத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். மியூசியத்தை அவருடைய மனைவி கார்மென் நடத்தி வந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளியும், அதற்கப்பால் மொலேஸான் மலையும் தெரிகின்றன. மாட்டு மணிச் சத்தம் கேட்டுக் கொண்டே இருக்கிறது.

வண்டிக்கு நேரமாகி விட்டதால் குன்றிலிருந்து வேகமாக இறங்கினோம். ரயிலில் உட்கார்ந்த பிறகு என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்தாள். மியூசியக் கடையில் எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறாள். ஏலியன் இல்லை; லீயின் முகம்.

"யாருக்கு அனுப்பப் போறே?"

"யாருக்கும் இல்லே. இருக்கட்டும்" என்று சொல்லி, அதைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டாள்.